பொட்டலுக்கு வந்த நாயனம்

இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு சோடித் தாளம். இவை சேர்ந்தால் நையாண்டி மேளம். மதுரைக்குத் தெற்கே காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, கமுதி என நீளும் வானம் பார்த்த பூமியில் ஊர்த் திருவிழா என்றால் இந்த மேளம்தான். கோயில் வாசலில் ராகம் வாசித்துப் பழகிய நாயனம் முதலில் தெருவுக்கு வந்தது. அங்கே காவடிச் சிந்தையும் நாடகப் பாட்டையும் எடுத்துக்கொண்டது. கடைசியில் சினிமாப் பாட்டில் போய் நின்றது. சுமார் ஒரு நூற்றாண்டுக்குள் ஒரே வாத்தியக் குழு தன் பாட்டையும் பாணியையும் கேட்பவர்களையும் இவ்வளவு தூரம் மாற்றிக்கொண்டது தமிழிசை வரலாற்றில் அரிது. சங்கீத நூல்களில் இந்த மாற்றத்துக்கு ஒதுக்கப்பட்ட இடமோ மிகக் குறைவு.

இந்த நிலத்தில் ஆற்றுப் பாசனம் இல்லை. குண்டாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும். கண்மாய் பெருகினால் நெல் விளையும். இல்லாவிட்டால் கரிசலில் கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்துத் தை, மாசியில் வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். வெள்ளாமை கைக்கு வந்த பிறகே சாமி கும்பிட முடியும் என்பதால் மாசியிலிருந்து வைகாசி வரை திருவிழாக் காலம். ஆடியில் இன்னொரு சுற்று வரும். மழை பொய்த்த ஆண்டில் ஊர் கூடிப் பேசிப் பொங்கலைத் தள்ளிவைத்துவிடும். அந்த ஆண்டில் விவசாயிக்கு எவ்வளவு நட்டமோ, மேளக்காரருக்கும் அவ்வளவு நட்டம். இந்தக் கலையின் பொருளாதாரம் தொடக்கத்திலிருந்தே மழையில்தான் தொங்குகிறது.

மூத்த வடிவம் பெரிய மேளம். நாகசுரம், தவில், ஒத்து, தாளம் ஆகியவை கொண்ட இக்குழுவுக்குச் சிவன், பெருமாள் கோயில்களில் வேளைதோறும் வேலை உண்டு. விடியலில் பூபாளம், பள்ளியறைச் சேவைக்கு நீலாம்பரி, சாமி புறப்பட்டால் கம்பீர நாட்டையில் மல்லாரி என்று எப்போது எதை வாசிப்பது என்பதற்கெல்லாம் முறை இருந்தது. சுந்தரரின் தேவாரப் பாடல் பெற்றதும், 1879இல் ரமணர் பிறந்ததுமான திருச்சுழியில் திருமேனிநாதர் கோயில் இருக்கிறது. இத்தகைய கோயில்கள் இந்த வறண்ட வட்டாரத்திலும் பெரிய மேளத்துக்கு இடம் கொடுத்தன. ஆனால் இங்கே வழிபாட்டின் பெரும்பகுதி நடந்தது ஆகமக் கோயில்களில் அல்ல. கண்மாய்க்கரை அய்யனார், ஊர் எல்லைக் கருப்பு, தெருமுனை மாரியம்மன், காளியம்மன் ஆகியோரே சனங்களின் தெய்வங்கள். அவர்களுக்கு உகந்தவை பம்பை, உறுமி, தப்பு போன்ற தோல் கருவிகள். சாமி இறங்க வேண்டுமானால் தோல் பேச வேண்டும் என்பது நம்பிக்கை.

கோயிலுக்குள் இருந்த நாகசுரமும் தவிலும், எல்லைத் தெய்வத்தின் முன்னால் முழங்கிய பம்பையும் தமுக்கும் ஒரே குழுவாகக் கூடியதுதான் நையாண்டி மேளம். இது வெறும் கருவிச் சேர்க்கை அல்ல. யார் எந்தக் கருவியைத் தொடலாம், எந்தக் கருவி எந்த வாசல்வரை வரலாம் என்றெல்லாம் சாதி வகுத்திருந்த கட்டுப்பாடுகளுக்கு நடுவே நிகழ்ந்த கூட்டு அது. தஞ்சைப் பகுதியில் நாகசுரம் இசை வேளாளர் கையில் இருந்தது. தென் மாவட்டங்களில் கம்பர், மருத்துவர் சமூகத்தவரும் நாகசுரமும் தவிலும் பயின்றனர். அவர்களோடு மற்ற ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த தோல் கருவிக் கலைஞர்களும் ஒரே செட்டில் நின்று வாசிக்கும் நிலையைத் திருவிழாப் பொட்டல்தான் உருவாக்கியது. மேடைக் கச்சேரி வரலாற்றில் இதற்கு இணையாக ஒன்றைக் காட்டுவது கடினம்.

கோயிலை விட்டுப் பொட்டலுக்கு வந்ததும் வாசிப்பு மாறியே ஆகவேண்டியிருந்தது. கல் மண்டபத்தில் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். நாயனம் நீண்ட கார்வையில் நிற்கலாம். திறந்த வெளியில் அந்தக் கார்வை காற்றோடு போய்விடும். டி.என். ராஜரத்தினம் பிள்ளை வழியில் கச்சேரி நாகசுரம் நீளமான பாரி நாயனத்தை நோக்கிப் போனது. நையாண்டி மேளக்காரர்களுக்கு அளவில் குட்டையான, சுருதி ஏறிய நாயனமே உதவியது. அதன் கூர்மையான ஒலி தவிலையும் பம்பையையும் மீறி ஊரின் மறுகோடிக்குக் கேட்கும். ஆலாபனை சுருங்கிச் சில நொடித் தொடக்கமாகிவிட்டது. அதன் இடத்தைக் குறுகிய மெட்டும், திரும்பத் திரும்ப வரும் சொற்கட்டும், திடீர் நிறுத்தமும், வேக ஏற்றமும் பிடித்துக்கொண்டன.

தோல் கருவிகளின் வேலைப் பங்கீடு நுட்பமானது. தவிலின் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டி அடிப்பார்கள்; இடப்பக்கமான தொப்பியைக் குட்டைக் கழியால் அடிப்பார்கள். பெரிய மேளத்தில் தவில்காரர் பாட்டைத் தொடர்ந்துபோய்த் தனி ஆவர்த்தனத்தில்தான் தன் முழுக் கணக்கையும் காட்டுவார். நையாண்டி மேளத்திலோ தவிலே முன்னால் நடக்கிறது. பம்பை இடுப்பில் தொங்கும் இரட்டை முழவு. குச்சி பட்டதும் சிதறி எழும் அதன் ஓசை தவிலின் இடைவெளிகளை நிரப்பும். தமுக்கு காலப் பிரமாணத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சில செட்டுகளில் உறுமியும் சேர்ந்துகொள்ளும். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து எழுப்பும் அதன் உறுமல் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை இவர்களுக்குச் சொந்த வீடு மாதிரி. அதில் நின்றுகொண்டு எந்தப் பாட்டையும் உள்ளே இழுத்துவிடுவார்கள். பிற்காலத்தில் நேர்ந்த எல்லா மாற்றங்களையும் புரிந்துகொள்ள இது ஒன்று முக்கியம்: மாறிக்கொண்டே இருந்தது நாயனம் ஊதிய மெட்டு, அதைத் தாங்கிய அடி பெரும்பாலும் மாறவில்லை.

வாசிப்பவர்களின் உடலும் மாறியது. பெரிய மேளத்தில் நாகசுரக்காரர் நிமிர்ந்து நிற்பார், அல்லது அமர்ந்து வாசிப்பார். நையாண்டியில் அவரே ஆடுகிறார். குனிந்து, மண்டியிட்டு, பின்னால் சாய்ந்து, தவில்காரரோடு எதிரெதிரே நடந்து, ஒருவர் வாசித்ததை இன்னொருவர் அப்படியே திருப்பிச் சொல்லி வம்புக்கு இழுக்கிறார். கூட்டம் வட்டமாக நிற்பதால் எல்லாப் பக்கமும் முகம் காட்ட வேண்டியிருந்தது. அந்தத் தேவையே ஆட்டமாயிற்று.

இந்த மேளத்தோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது கரகாட்டம். நீர்நிலையில் கரகம் சோடித்து, வேப்பிலையும் பூவும் சுற்றி, விரதமிருந்த பூசாரி தலையில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுவருவது சக்தி கரகம், அது வழிபாடு. கனம் ஏற்றிய செம்பின் மேல் பூக்கூம்பும் உச்சியில் கிளியும் வைத்து ஆடுவது ஆட்டக்கரகம், அது தொழில். சிலப்பதிகாரத்தின் குடக்கூத்தை இதன் மூதாதையாகச் சொல்வது வழக்கம். குடத்தோடு ஆடுவது என்ற ஒற்றுமையைத் தவிர, இடைப்பட்ட நூற்றாண்டுகளை இணைக்கும் கண்ணி வலுவாக இல்லை. மழைத் தெய்வமான மாரியின் முன்னால் நீர்க்குடம் ஏந்தும் சடங்கிலிருந்து இன்றைய கரகாட்டம் வளர்ந்தது என்று கொள்வதே இந்த நிலத்தைப் பார்க்கப் பொருத்தமாகத் தெரிகிறது. தாம்பாள விளிம்பில் ஆடுவது, ஏணியில் ஏறுவது, பின்னால் வளைந்து கண் இமையால் ஊசி எடுப்பது போன்ற சாகசங்களுக்கு மேளம் நொடிக்கு நொடி துணை வர வேண்டும். ஆட்டக்காரியின் காலைப் பார்த்துத் தவில் போகும். தவிலைக் கேட்டு நாயனம் போகும். ராகம் வாசிக்கும் கலைஞருக்கு இந்தப் பாடம் புதிது.

மாற்றத்தை விரைவுபடுத்தியது ஆதரவாளர்கள் மாறியதுதான். இராமநாதபுரம் சேதுபதிகள், எட்டயபுரம் மன்னர்கள் போன்றோரின் அரண்மனைகள் சங்கீதத்துக்குப் பெரும் புரவலர்களாக இருந்தன. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் அச்சானதும் அந்த ஊரில்தான். பூச்சி சீனிவாச ஐயங்கார் இராமநாதபுரம் சமஸ்தான வித்துவான். 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது உழுபவனுக்கு விடிவு வந்தது. அதே சட்டத்தால் அரண்மனை மானியத்தை நம்பிய வாத்தியக்காரர்களின் காலமும் முடிந்தது. இனிக் கூலி கொடுக்கப்போவது ஊர்ப் பொதுமக்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து, அதில் பந்தல், விளக்கு, மேளம், ஆட்டம் எல்லாம் பேசி முடிப்பார்கள். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்த ஊர், தான் கேட்க விரும்பும் பாட்டையும் சேர்த்தே பேசியது. நெசவுத் தொழிலால் கையில் காசு புழங்கிய அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு கோயில், ஒரு விழா என்றிருந்ததால் மேளக்காரருக்கு வாய்ப்பும் கூடுதல், போட்டியும் கூடுதல்.

கரிசல் சனத்துக்கு ராகம் பிடிக்காது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது பெரும் பிழை. இதே நிலத்தின் தெற்கு எல்லையில் வாழ்ந்த விளாத்திகுளம் சுவாமிகள் என்ற நல்லப்ப சுவாமிகள் (1889–1965) ராக ஆலாபனைக்கென்றே புகழ்பெற்றவர். கீர்த்தனையின் துணை தேடாமல் ஒரே ராகத்தில் மணிக்கணக்கில் திளைத்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான காருக்குறிச்சி அருணாசலம் (1921–1964) கோவில்பட்டியில் வாழ்ந்தவர். அவர் வாசிப்பைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு போன சம்சாரிகளைப் பற்றிய நினைவுகள் கரிசல் எழுத்தில் நிறைந்திருக்கின்றன. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இந்த இசைச் சூழலில் ஊறியவர்கள். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருக்குறிச்சியாரின் நாகசுரம் இழைந்த பாட்டு, ராகத்தைக் குழாய் ஒலிபெருக்கி வழியாக ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுபோனது. ராகத்தையும் சினிமாவையும் எதிரெதிர்க் கட்சிகளாக நிறுத்துவோர் அந்தப் பாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நையாண்டி மேளக்காரர்களும் ராகம் தெரியாமல் மாறியவர்கள் அல்லர். ஒரு விழாவில் சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்த அதே கலைஞர் இரவில் கரகத்துக்குச் சிந்து வாசித்தார்.

சினிமாவுக்கு முன்னால் பாட்டுக் கொடுத்த ஊற்றுகள் இரண்டு. ஒன்று, காவடிச் சிந்து. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாடிய சிந்துகள் முருகன் கோயில் பாதயாத்திரைகளில் பரவி, ஆடுவதற்கென்றே அமைந்த அவற்றின் நடையால் நாயனத்துக்கு எளிதில் வசப்பட்டன. இன்னொன்று நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி போன்றவை மதுரையை மையமாகக் கொண்ட ஸ்பெஷல் நாடகமாகச் சுற்றுப்புறக் கிராமங்களில் விடிய விடிய நடந்தன. ஆர்மோனியம், மிருதங்கம், ஓசை விந்தைகளுக்கென ஒரு ஆல்ரவுண்டு என்று அமைந்த அந்தப் பக்கவாத்தியமும், எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோரின் இசைத்தட்டுகளும் மக்களின் காதைப் புது மெட்டுகளுக்குப் பழக்கின.

நாடக மேடை பாட்டின் பொருளையும் மாற்றியது. சிவகாசியில் மருத்துவர் சமூகத்தில் பிறந்த எஸ்.எஸ். விசுவநாததாஸ் (1886–1940) முருக வேடத்தில் நின்றபடியே வெள்ளையரைச் சாடும் பாடல்களைப் பாடிச் சிறைக்குப் போனவர். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்கள் விசுவநாததாஸின் குரலில் தென் மாவட்டம் முழுவதும் ஒலித்தன. 1940ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. புராணக் கதையின் நடுவே நாட்டு நடப்பைப் பாடலாம், கூட்டம் அதைத்தான் எதிர்பார்க்கிறது என்பதைத் திருவிழாக் கலைகள் அவரைப் போன்றவர்களிடம் கற்றன. குறவன் குறத்தி ஆட்டமும் ராஜா ராணி ஆட்டமும் உரையாடலில் அன்றாடச் செய்திகளைக் கலந்தது இந்த வழியில்தான்.

1931இல் தமிழ்ப் பேசும் படம் பிறந்தது. கிராமங்களைத் தொட்ட டூரிங் டாக்கீஸ் கொட்டகைகளும், விழாப் பந்தலில் கட்டிய குழாயும் 1950, 60களில் சினிமாப் பாட்டை வீட்டுப் பாட்டாக்கின. பகலெல்லாம் இசைத்தட்டில் கேட்ட பாட்டை இரவில் மேளக்காரர் வாசித்தால்தான் கூட்டம் அசையும் என்ற நிலை வந்தது. இதைத் தோல்வி என்று வருணிப்பவர்கள் அந்தப் பெயர்ப்பில் இருந்த திறமையைக் கவனிப்பதில்லை. சினிமாப் பாட்டுக்கு முன்னிசையும் இடையிசையும் உண்டு. வயலின் கூட்டமும் கிதாரும் வாசித்த அவற்றை ஒரு குழல் ஊதிக்காட்ட முடியாது. நாயனம் பல்லவியையும் சரணத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இடையிசை வரவேண்டிய இடத்தைத் தவிலுக்கும் பம்பைக்கும் விட்டுக்கொடுத்தது. அங்கே தோல் கருவிகள் தங்கள் பழைய சொற்கட்டுகளை முழு வேகத்தில் கொட்டின. பாட்டுக்குச் சொல் இல்லாத குறையை நாயனக்காரர் சீவாளியில் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் எழுப்பும் குழைவு சரிக்கட்டியது. கேட்பவர்களுக்கு வரி தானாக நினைவில் ஓடும். மெட்டு சினிமாவுடையது, வாசிப்பு முழுக்க மேளக்காரருடையது.

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபின் போக்குவரத்து இருவழியானது. பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, கிராமத்து அடியையும் தாலாட்டு, தெம்மாங்கு மெட்டுகளையும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கொண்டுபோனார். அவை மெருகேறிப் பாட்டாகத் திரும்பி வந்தபோது நையாண்டி மேளக்காரருக்கு அந்நியமாகப் படவில்லை. தங்கள் திஸ்ர நடையே வேறு உடை உடுத்தி வந்ததை அவர்கள் அப்படியே வாங்கிக்கொண்டனர். 1989இல் கங்கை அமரன் இயக்கிய ‘கரகாட்டக்காரன்’ ஒரு கரகச் செட்டின் வாழ்க்கையையே கதையாக்கி மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் பாடல்கள் இன்றுவரை எந்தக் கரகாட்டத்திலும் தவறாமல் வாசிக்கப்படுகின்றன. படத்தால் கலைக்குப் பெயர் கிடைத்தது, செட்டுகள் பெருகின, பேசும் தொகையும் ஏறியது. கூடவே, கரகாட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஒரு வார்ப்பும் வந்து உட்கார்ந்தது. நடிகையைப் போன்ற உடுப்பு, படத்தில் கேட்ட வரிசையிலேயே பாட்டு, நகைச்சுவையில் படத்தின் சாயல் என்று ஆட்டம் திரையைப் பார்த்து ஆடத் தொடங்கியது.

அதன் கசப்பான விளைவை ஆட்டக்காரப் பெண்களே சுமந்தனர். இளவட்டங்களின் கூட்டம் இரட்டை அர்த்த வசனத்தையும் குறைந்த உடையையும் கேட்டது. விழாக் குழு அதற்குக் காசு கொடுத்தது. பழி மட்டும் கலைஞர்மேல் விழுந்தது. காவல்துறை அனுமதி மறுப்பதும், விழாக் குழுவினர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் அனுமதி வாங்கிவருவதும் 21ஆம் நூற்றாண்டில் வழக்கமாகிவிட்டன. ஆபாச அசைவு கூடாது, சாதி, கட்சிப் பாட்டு கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு ஆட்டம் நடக்கிறது. விடிய விடிய நடந்த கலை இரவு பத்து, பதினொரு மணிக்குள் அடங்கியதால் நிகழ்ச்சியின் அமைப்பே குலைந்தது. பிள்ளையார் பாட்டு, ஒரு கீர்த்தனை, அம்மன் பாட்டு என்று மெல்லத் தொடங்கி நள்ளிரவுக்கு மேல் சூடேறிய முறையில், மேளக்காரர் தன் வித்தையைக் காட்ட முன்னிரவு முழுவதும் இருந்தது. இப்போது அந்தத் தொடக்கம் கால் மணி நேரமாகச் சுருங்கி, உடனே ஆட்டப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். உண்மையான இழப்பு சினிமாப் பாட்டால் வந்ததல்ல. நேரம் குறைந்ததே இழப்பு.

பழைய ஏழு கருவிகளோடு கீபோர்டும் ரிதம் பேடும் இன்று பல செட்டுகளில் சேர்ந்திருக்கின்றன. விட்டுப்போன இடையிசையைக் கீபோர்டு வாசித்துவிடுவதால், தவிலும் பம்பையும் முன்பு ஆண்ட இடம் குறுகிவிட்டது. கேரளத்திலிருந்து வந்த செண்டை மேளம் கடந்த இருபது ஆண்டுகளில் கோயில் விழாக்களிலும் கல்யாண வரவேற்பிலும் இடம்பிடித்தது. சீருடையோடு ஒரே அசைவில் அணிவகுக்கும் அதன் தோற்றத்துக்கு இளைஞர்களிடம் வரவேற்பு அதிகம். ஆடல் பாடல் குழுவும், டிஜே செட்டும் அதே வரிப்பணத்துக்குப் போட்டியிடுகின்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பங்குனிப் பொங்கல் தொடங்கும் தறுவாயில் இருந்தது. ஆண்டுச் சம்பாத்தியத்தின் பெரும்பகுதி பங்குனி முதல் வைகாசி வரையிலான மூன்று மாதத்தில்தான் என்பதால், மழை பொய்த்த ஆண்டிலும் நேராத அளவுக்கு எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் மேளம் நின்றது.

அரசின் கவனம் தாமதமாகவே வந்தது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் அமைந்தது. அதே ஆண்டு தொடங்கிய சென்னை சங்கமம், கரகாட்டத்தையும் நையாண்டி மேளத்தையும் தலைநகரின் பூங்காக்களில் நிறுத்தியது. கே.ஏ. குணசேகரன் போன்ற ஆய்வாளர்கள் இக்கலைகளை ஆட்டக்காரரின் பக்கம் நின்று பதிவு செய்தனர். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் பாடமாக இருக்கின்றன. அங்கே சரளி வரிசையும் வர்ணமும் கீர்த்தனையும் சொல்லித்தருகிறார்கள்; பம்பைக்கும் தமுக்குக்கும் அத்தகைய பாடத்திட்டம் இல்லை. அவற்றை இன்னும் பெரும்பாலும் தகப்பனிடமோ மாமனிடமோ செட்டோடு ஊர் ஊராகப் போய்த்தான் கற்க வேண்டும். இசைப்பள்ளியில் படித்த பையன் மார்கழியில் கோயிலில் கீர்த்தனை வாசித்து, பங்குனியில் கரகச் செட்டில் சேர்ந்து, கைப்பேசியில் கேட்ட புதுப் பாட்டை அன்றிரவே நாயனத்தில் எடுக்கிறான். விழாக் குழுவோடு இன்று எழுதப்படும் ஒப்பந்தத்தில் தேதி, தொகை, முன்பணம், கரகம் எத்தனை, குறவன் குறத்தி உண்டா என்பதோடு, மேளம் எத்தனை பேர், கீபோர்டு சேர்த்தா சேர்க்காமலா என்ற வரியும் இடம்பெறுகிறது.